பழைய டிவி பற்றி எழுதுகிறவனிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சினிமா, டிவி பற்றி எழுதிப் பிழைக்கிறவன் நான். சென்னைதான் ஊர். புதுப்பட விமர்சனம், நடிகர் பேட்டி என்று ஓடிக்கொண்டிருந்தவன், சில வருடங்களாகப் பழைய டிவியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறேன்: தூர்தர்ஷன் ஒன்றே கதி என்றிருந்த காலம், கேபிள் வந்த காலம், மெகா சீரியல் வந்த காலம். கட்டுரை அச்சான அன்று காலை ஆறு மணிக்கே போன் வரும். பழைய டிவி ரசிகர்கள் சீக்கிரம் எழுந்துவிடுகிறவர்கள். கேட்பதும் பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். தனித்தனியாகச் சொல்லி வாய் வலித்துவிட்டதால் இங்கே மொத்தமாகச் சொல்லிவிடுகிறேன்.

இதெல்லாம் ஒரு வேலையா சார்?

என் மாமியார் இதைவிட மரியாதையாகக் கேட்டார். ஆனால் கேட்டது இதைத்தான்.

வேலைதான். பழைய ஞாபகங்களை எழுதுகிற வேலை என்று பலர் நினைக்கிறார்கள். நான் செய்வது அந்த ஞாபகங்களைச் சரிபார்ப்பது. ஒருவர், "அந்த நாடகத்தை 1979-ல் கலரில் பார்த்தேன்" என்று அடித்துச் சொல்வார். நம் நாட்டில் கலர் ஒளிபரப்பு வந்ததே 1982-ல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித்தான். அவர் பொய் சொல்லவில்லை. பின்னால் எங்கேயோ பார்த்த கலரை எடுத்து மனசு அந்த நாடகத்துக்குப் பூசிவிட்டது. நிகழ்ச்சியைப் பற்றி ஜனங்கள் சொல்வதில் பாதி இப்படித்தான் பிசகுகிறது. ஆனால் எங்கே உட்கார்ந்து பார்த்தார்கள், பக்கத்தில் யார் இருந்தார்கள், யார் எழுந்து போகச் சொன்னார்கள் என்பதெல்லாம் அநேகமாகப் பிசகுவதே இல்லை.

சென்னைத் தொலைக்காட்சி எப்போது தொடங்கியது?

1975 ஆகஸ்ட் 15. டெல்லியில் 1959-லும், பம்பாயில் 1972-லும் தொடங்கிவிட்டார்கள். கல்கத்தா நம்மைவிட ஆறே நாள் மூத்தது. அப்போது டிவி என்பது வானொலித் துறையின் ஒரு பிரிவு. 1976 ஏப்ரல் 1-ல்தான் தூர்தர்ஷன் என்று தனியாகப் பிரிந்தது. நிலையம் சேப்பாக்கம் பக்கம் சுவாமி சிவானந்தா சாலையில். இடையில் பொதிகை ஆனது, 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனது. எங்கள் வீட்டில் இன்னும் 'மெட்ராஸ் டிவி'தான்.

தூர்தர்ஷனின் அந்த ஆரம்ப டியூன் இளையராஜாவா?

இல்லை. பண்டிட் ரவிசங்கர்.

ஒளியும் ஒலியும் எந்தக் கிழமை? என்னென்ன பாட்டுப் போட்டார்கள்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம். சினிமாப் பாட்டுகள், சுமார் அரை மணி நேரம். இரண்டாவது கேள்விக்குத்தான் வம்பு.

ஒரு தடவை சின்னதாக ஒரு பரீட்சை வைத்துப் பார்த்தேன். ஐம்பது வயதைத் தாண்டிய நண்பர்கள், உறவுக்காரர்கள் என்று கண்ணில் பட்டவர்களிடமெல்லாம் ஒரே ஒரு வெள்ளிக்கிழமையின் பாட்டுகளை வரிசையாகச் சொல்லச் சொன்னேன். ஒருவராலும் முடியவில்லை. முதல் பாட்டு பக்திப் பாட்டாக இருக்கும், கடைசிப் பாட்டுதான் புதுசு என்பதற்கு மேல் யாரும் நகரவில்லை. உட்கார்ந்த இடத்தைக் கேட்டால் மட்டும் கொட்டுகிறார்கள். "எங்களுக்கு ஜன்னல்தான். உள்ளே கூப்பிட மாட்டாங்க. மூணாவது கம்பி எனக்கு, நாலாவது தங்கச்சிக்கு." சொன்னவர் இப்போது ஒரு கம்பெனியில் பெரிய பதவியில் இருக்கிறார். மூன்றாவது கம்பி துருப்பிடித்திருந்தது, கன்னத்தில் கறை ஒட்டும் என்பதுவரை சொன்னார். எந்தப் பாட்டைப் பார்க்கும்போது கறை ஒட்டியது என்று கேட்டேன். தெரியவில்லை.

அந்தக் காலத்தில் எல்லோரும் கூடி ஒற்றுமையாக டிவி பார்த்தோம் என்று எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டிவி இருந்த வீட்டுப் பிள்ளைகள். ஜன்னலில் நின்றவர்கள் அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. யார் கூடத்துக்குள், யார் திண்ணையில், யார் ஜன்னலுக்கு வெளியே என்பதில் காசும் இருந்தது, சாதியும் இருந்தது. அதையும் சேர்த்துச் சொன்னால் "ஏன் சார் நல்ல ஞாபகத்தைக் கெடுக்கிறீங்க" என்று கோபித்துக்கொள்கிறார்கள். என்ன செய்வது?

டிவி பார்க்கக் காசு வாங்கினார்களாமே, நிஜமா?

நிஜம். தமிழ்நாட்டில் பல ஊர்களில் ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்குப் பத்துப் பைசா, நாலணா என்று வசூலித்திருக்கிறார்கள். சென்னையிலும்தான். அதற்கு என்னிடம் இருக்கும் சாட்சி ஒரு நோட்டுப் புத்தகம்.

ராயபுரத்தில் ஒரு பாட்டி. பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவருடைய வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்து, எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு கறுப்பு வெள்ளை டிவி வாங்கியிருக்கிறார். சென்னையிலேயே தயாரான டயனோரா. கதவு வைத்த மரப்பெட்டி, பூட்டும் உண்டு. தவணை கட்ட வேண்டுமே என்று பாட்டி தெருப் பிள்ளைகளிடம் தலைக்கு நாலணா வாங்க ஆரம்பித்துவிட்டார். அந்தக் கணக்கை மளிகைக் கணக்கு எழுதுகிற நீள நோட்டில் பின்பக்கத்திலிருந்து எழுதி வைத்திருக்கிறார். போன வருடம் அதைத் தொட்டுப் பார்த்தேன். மூலைகளில் எண்ணெய்க் கறை, நடுவில் கரப்பான் அரித்த ஓட்டை.

முதல் பத்தியில் தேதி. அடுத்ததில் 'தலை'. அதற்கடுத்து ரூபாய். "22 தலை, 5.50" என்று ஒரு வரி. ஓரத்தில் சில பெயர்கள், பக்கத்தில் 'கடன்' என்று. சில வரிகளின் மேல் பெரிதாக ஒரு 'க' போட்டுச் சுழித்திருக்கிறது. அது என்ன என்று கேட்டேன். "கரண்ட்டு போயிட்ச்சிபா. துட்ட திருப்பிக் குட்த்துட்டேன். பாதி படம் பாத்தாலும் முழு துட்டு குட்த்துட்டேன், இன்னா பண்றது, பக்கத்து வூட்டுப் பசங்க" என்றார்.

சரி, படங்களின் பெயர் எங்கே? ஆவலோடு அந்தப் பத்திக்கு வந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் என்ன படம் போட்டார்கள் என்ற பட்டியல் இப்படி வரிசையாகக் கிடைப்பது லேசில்லை. பாட்டி எழுதியிருந்தது இதுதான்: "சிவாஜி – அழுகை". "எம்ஜிஆர் – சண்டை, 31 தலை". "ஜெமினி". "சாமி படம், கூட்டமில்லை". "சிவாஜி – அழுகை" மட்டும் ஐந்தாறு இடத்தில் வருகிறது.

அது எந்தெந்தப் படம் என்று பாட்டிக்கு ஞாபகமில்லை. நோட்டைத் தர முடியாது என்றார், பேரன் கல்யாணக் கணக்கும் அதில்தான் இருக்கிறதாம். போனில் பக்கம் பக்கமாகப் படமெடுத்துக்கொண்டேன்.

பழைய மெட்ராஸ் டிவி நிகழ்ச்சிகள் ஏன் எங்கும் கிடைப்பதில்லை?

பல காரணம். ஆரம்பத்தில் நிறைய நிகழ்ச்சிகள் நேரடியாகவே போயின, பதிவே கிடையாது. பதிவான நிகழ்ச்சிகளோ பெரிய பெரிய வீடியோ டேப்பில் இருந்தன. அன்றைக்கு அந்த டேப்பின் விலை அதிகம், ஆகவே அழித்துவிட்டு அதிலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்வார்கள். நம் ஊரை மட்டும் திட்டிப் பயனில்லை, பிபிசியே இப்படி அழித்துவிட்டுப் பின்னால் தலையில் அடித்துக்கொண்டது. தப்பிப் பிழைத்த டேப்புகளுக்கும் வெயில், ஈரம், பூஞ்சை.

தூர்தர்ஷனை நடத்துகிற பிரசார் பாரதி தன்னிடம் மிஞ்சியதை டிஜிட்டலாக்கி யூடியூபில் போடுகிறது. 2024 நவம்பரில் வேவ்ஸ் என்று ஒரு ஓடிடியும் தொடங்கினார்கள். கச்சேரி, நேர்காணல் வகையறா தேடினால் சில நல்ல சரக்கு அகப்படும். ஒளியும் ஒலியும் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். பாட்டுகள் எல்லாம் சினிமாக்காரர்களுடையவை, தனித்தனியாக இப்போதும் கிடைக்கும். அவற்றை எந்த வரிசையில் கோத்தார்கள், நடுவில் எந்த இடத்தில் "தடங்கலுக்கு வருந்துகிறோம்" அட்டை வந்து நின்றது என்பதுதான் போயேபோய்விட்டது.

எங்கள் பரணில் வீடியோ கேசட்டுகள் இருக்கின்றன. என்ன செய்யலாம்?

முதலில், போட்டுப் பார்க்காதீர்கள்! எல்லோரும் செய்கிற தப்பு அதுதான்.

கேசட்டின் சின்ன ஜன்னல் வழியாக டேப் சுருளின் விளிம்பைப் பாருங்கள். கறுப்பாக, பளபளப்பாக இருந்தால் சந்தோஷம். மாவு தூவியதுபோலவோ சிலந்தி வலைபோலவோ வெள்ளை பூத்திருந்தால் அது பூஞ்சை. சென்னைக் காற்றில் இருக்கிற ஈரத்துக்கு இது சகஜம். அப்படியே விசிஆரில் தள்ளினால் ஹெட்டில் ஒட்டிக்கொள்ளும், அடுத்துப் போடுகிற நல்ல கேசட்டுக்கும் தொற்றும். டேப் அறுந்தும் போகலாம். வெயிலில் காயவைக்கிறேன் பேர்வழி என்று மொட்டை மாடிக்கும் கொண்டுபோகாதீர்கள். சுத்தம் செய்யத் தெரிந்தவர்கள் ரிச்சி தெருப் பக்கம் இன்னும் ஒன்றிரண்டு பேர் இருக்கிறார்கள். நாலு கடை ஏறி இறங்கினால் கை காட்டுவார்கள்.

அடுத்தது, கேசட்டின் முதுகுப் பக்கம் ஓரமாக ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே பதிவு செய்ய முடியாது. உடைத்த இடத்தில் செல்லோடேப் ஒட்டியிருந்தால், யாரோ மனசு மாறித் திரும்பவும் பதிவு செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நான் ஆசையாகத் தேடுவது இந்த மாதிரிக் கேசட்டைத்தான். மேலே 'அக்கா கல்யாணம்' என்று எழுதியிருக்கும். கல்யாணம் முடிந்து, திரை முழுக்கக் கொஞ்ச நேரம் புள்ளி புள்ளியாக ஓடும். அப்புறம் திடீரென்று, அழிபடாத பழைய பதிவின் வால் எட்டிப் பார்க்கும்: ஒரு நாடகத்தின் கடைசிக் காட்சி, இரண்டு விளம்பரம், ஒரு அறிவிப்பாளரின் பாதி வணக்கம். எனக்குக் கிடைத்த நல்ல சரக்கெல்லாம் இப்படிக் கல்யாணங்களுக்குப் பின்னால் கிடைத்ததுதான். ஆகவே டிஜிட்டலாக்கக் கொடுக்கும்போது "கல்யாணம் முடிஞ்சதும் நிறுத்திடாதீங்க, டேப் தீர்ற வரைக்கும் ஓடட்டும்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

வேலை முடிந்ததும் கேசட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். புத்தகம் அடுக்குவதுபோல நிற்க வைத்துப் பத்திரப்படுத்துங்கள். யாரிடமாவது கொடுத்தால் எழுதி வாங்கிக்கொண்டு கொடுங்கள். ஒரு தயாரிப்பு நிறுவனத்தை நம்பி மூன்று கேசட் கொடுத்தேன். ஆபீஸ் மாறியதில் காணோம் என்று கைவிரித்துவிட்டார்கள். அதில் ஒன்று என் நண்பனின் அப்பா மேடையில் நடித்தது. அவர் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் இன்னும் சங்கடமாக இருக்கிறது.

கேசட்டில் தேதி இல்லை. எந்த வருடம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

விளம்பரத்தைப் பாருங்கள். பொருளைப் பார்க்க வேண்டாம், அடியில் வருகிற விலாசத்தையும் போன் நம்பரையும் பாருங்கள். எட்டு இலக்கம் என்றால் 2000-க்குப் பிறகு. ஆங்கிலத்தில் மெட்ராஸ் என்று இருந்தால் அநேகமாக 1996-க்கு முந்தியது, அந்த வருடம்தான் ஊரின் ஆங்கிலப் பெயரை மாற்றினார்கள். தமிழில் சென்னை என்று இருப்பதை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதாதீர்கள். தமிழில் அதற்கு எத்தனையோ காலம் முன்பிருந்தே சென்னைதான். நான் ஒருமுறை இதில் விழுந்து எழுந்தவன்.

ஜுனூன் தமிழ் என்கிறார்களே, அது என்ன?

இப்போதைய பிள்ளைகள் கேட்கிற கேள்வி. தொண்ணூறுகளில் தூர்தர்ஷனில் ஜுனூன் என்ற இந்தி சீரியலைத் தமிழில் டப் செய்து போட்டார்கள். பணக்காரக் குடும்பங்கள், பகை, பழிவாங்கல். டாம் ஆல்டர் கேஷவ் கல்சி என்று ஒரு தாதாவாக வருவார். கதை முக்கால்வாசிப் பேருக்கு மறந்துவிட்டது. மறக்காதது அதில் பேசிய தமிழ். எழுவாய் ஒரு மூலையில், பயனிலை ஒரு மூலையில் கிடக்கும்.

எங்கள் வீட்டில் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. "அம்மா, தந்துவிடு எனக்கு, இன்னும் ஒரு தோசை." அம்மாவும் விடமாட்டார்: "கிடைக்காது உனக்கு, தோசை, முடிக்கும்வரை, வீட்டுப்பாடம்." பள்ளிக்கூடத்தில் இப்படிப் பேசி அடி வாங்கியவர்களும் உண்டு.

காரணத்தை இந்தியின் தலையில் கட்டுகிறார்கள். இந்தியிலும் வினைச்சொல் நம்மைப்போலக் கடைசியில்தான் வரும். சிக்கல் உதட்டில் இருக்கிறது. இந்திக்காரர் வாய் மூடுகிற இடத்தில் தமிழிலும் ப, ம, வ வந்தால்தான் பொருந்தும். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு பெயரைச் சொல்லி முடித்தால் தமிழிலும் அந்தப் பெயரில்தான் முடிக்க வேண்டும். அவர் இடையில் மூச்சு வாங்கினால் நாமும் வாங்க வேண்டும். இத்தனை கட்டுக்குள் வசனத்தை அடைக்கும்போது இலக்கணம்தான் முதலில் வெளியே நிற்கும். டப்பிங்காரர்களைக் கிண்டல் செய்தது போதும் என்பேன். இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் ஒரு சீரியலின் பெயர் தமிழில் ஒரு நடைக்கே பெயராக நிற்கிறதென்றால் அவர்கள் ஏதோ செய்திருக்கிறார்கள்.

நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். எங்களைப் பற்றி ஏன் எழுதுவதில்லை?

நியாயமான குற்றச்சாட்டு. ஒரு அண்ணாச்சி எனக்கு நாலு பக்கக் கடிதம் எழுதினார், அதில் மூன்று பக்கம் திட்டு. விஷயம் இதுதான்: சென்னைக் கோபுரத்திலிருந்து வரும் அலைவரிசை தென்மாவட்டங்களுக்கு எட்டாது. கொடைக்கானல் ஒளிபரப்பு வருகிறவரை அங்கே பலருக்கு டிவி என்றால் இலங்கை ரூபவாஹினிதான். 1982-ல் தொடங்கிய நிலையம் அது. கடலுக்கு மேலே அலை தடையில்லாமல் வரும், தூத்துக்குடி, ராமேஸ்வரம் ஆட்கள் உயரமான கம்பத்தில் ஆன்டெனா கட்டி, பூஸ்டர் போட்டு இழுத்தார்கள். சிங்களம் புரியாது. தமிழ் நிகழ்ச்சி வரும் நேரத்துக்குக் காத்திருப்பார்கள். கிரிக்கெட்டுக்கு மொழி வேண்டியதில்லை.

"உங்க ஒளியும் ஒலியும் எங்களுக்குக் கேள்விப்பட்ட சமாச்சாரம் மட்டும்தான் தம்பி" என்று அவர் எழுதியிருந்தார். சென்னையில் உட்கார்ந்துகொண்டு 'தமிழர்களின் ஞாபகம்' என்று எழுதுகிற வழக்கத்தை அன்றோடு விட்டேன்.

இந்தி தெரியாமல் ராமாயணம் எப்படிப் பார்த்தோம்?

கதை தெரியுமே! ராமானந்த் சாகரின் ராமாயணம் 1987 ஜனவரி 25-ல் தொடங்கி அடுத்த வருடம் ஜூலை வரை, 78 வாரம். அது முடிந்து இரண்டு மாதத்தில் சோப்ராவின் மகாபாரதம், 94 வாரம். ஞாயிற்றுக்கிழமை காலை. இந்தியை எதிர்த்துப் போராடிய ஊரில் ஞாயிறு காலை தெரு காலியாகக் கிடந்தது என்று அப்போதே கேலி செய்தார்கள். ஆனால் அந்த ஞாயிறுகளில் எங்கள் கூடத்தில் கேட்டதெல்லாம் தமிழ்தான். பெரியம்மா ஓரமாக உட்கார்ந்து, காட்சிக்குக் காட்சி கதை சொல்லிக்கொண்டே இருப்பார். கைகேயி வாயைத் திறக்குமுன் அவள் கேட்கப்போகிற வரம் எங்களுக்குத் தெரிந்துவிடும். பல வீடுகளிலும் இப்படி ஒரு பெரியம்மா, ஒரு தாத்தா இருந்திருக்கிறார்கள்.

2020 ஊரடங்கில் திரும்பப் போட்டபோது பார்த்தேன். இரண்டு அம்பு நடுவானத்தில் சந்தித்துக்கொள்ள அத்தனை நேரம் எடுக்கும் என்பது ஞாபகமே இல்லை. பெரியம்மா அப்போது இல்லை, அதனால்தான் நீளமாகத் தெரிந்ததோ என்னவோ.

செய்தி வாசிப்பாளர்கள் பற்றி?

ஷோபனா ரவி பற்றிக் கேட்காத ஆளில்லை. அந்த உச்சரிப்புக்காகவே செய்தி பார்த்தவர்கள் உண்டு. பாத்திமா பாபு அப்புறம் சினிமா, சீரியல் என்று போனார். வரதராஜன் மேடை நாடகக்காரர். கவிஞர் ஈரோடு தமிழன்பனும் செய்தி வாசித்தவர்தான், இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. சாயங்காலத் தமிழ் நிகழ்ச்சிகளெல்லாம் 8.40-க்கு மூட்டை கட்டிவிடும், அப்புறம் டெல்லியிலிருந்து இந்திச் செய்தி. எட்டு நாற்பது என்றால் எங்கள் தெருவில் சாப்பாட்டு நேரம் என்று அர்த்தம்.

அந்தக் காலத்து சீரியல் நல்ல சீரியல், இப்போது வருவதெல்லாம் குப்பை. ஒப்புக்கொள்கிறீர்களா?

பாதி ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எழுதுகிறவர்களின் திறமை குறைந்ததாக நான் நினைக்கவில்லை, கணக்கு மாறியது.

தூர்தர்ஷனில் தொடருக்குப் பதின்மூன்று வாரம் என்று அனுமதி கொடுப்பார்கள். கால் வருடத்துக்குப் பதின்மூன்று வாரம், அவ்வளவுதான் விஷயம். பதின்மூன்றில் கதையை முடித்தாக வேண்டும். 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்தது. தொடக்கத்தில் நாளுக்குச் சில மணி நேரம்தான். பின்னால் தினசரித் தொடர் வந்தபோது தயாரிப்பாளர் சேனலுக்குப் பணம் கட்டி நேரத்தை வாங்கி, விளம்பரத்தைத் தானே விற்கிற முறை நிலைத்தது. நன்றாக ஓடுகிற தொடரை முடிப்பது, ஓடுகிற கடையை மூடுவதற்குச் சமம். ராதிகாவின் 'சித்தி' தொடர் வழி காட்டியது. மெட்டி ஒலி 811 நாள். கோலங்கள் 1,500-ஐத் தாண்டியது. ஒரு கல்யாணத்தை ஒரு மாதம் நடத்துவது ஏன் என்று இனி கேட்க மாட்டீர்கள்.

இடையில் ஒரு நல்ல காலம் இருந்தது என்பது என் கட்சி. தொண்ணூறுகளின் பாதியில், வாரத் தொடர் சாகாமலும் தினத் தொடர் முழுசாக வராமலும் இருந்த சில வருடங்கள். கே. பாலசந்தரின் மின்பிம்பங்கள் நிறுவனத்துக்காக நாகா இயக்க, இந்திரா சௌந்தர்ராஜன் எழுதிய மர்ம தேசம் அப்போது வந்ததுதான். முடிவை நினைத்து எழுதிய கதை என்பது பார்க்கும்போதே தெரியும்.

ஆனால் ஒன்று. எண்பதுகளின் செவ்வாய்க்கிழமை நாடகங்களில் அட்டை வீடும், நடுக்கூட சோபாவும், உபதேசமுமாகப் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தவையும் நிறைய. நல்லதாக நாலைந்துதான் நினைவில் தங்கின, அதனால் எல்லாமே நல்லதுபோலத் தெரிகிறது. மற்றவை டேப்போடு அழிந்தன, நம் அதிர்ஷ்டம்.

பழைய நடிகர்களைப் பேட்டி எடுப்பது எப்படி?

மதியம் தூங்குகிற நேரத்தில் போகாதீர்கள். "இப்ப ஏன் நடிக்கறதில்லை" என்று கேட்காதீர்கள். அந்த நிகழ்ச்சியின் கதையைக் கேட்பதைவிட அன்றைக்கு என்ன சாப்பிட்டீர்கள், எப்படி வீட்டுக்குப் போனீர்கள் என்று கேளுங்கள், மற்றது தானாக வரும். மயிலாப்பூரில் ஒரு பெரியவர், நாடக நடிகர். ஒரு மணி நேரம் பொதுவாகப் பேசிக்கொண்டிருந்தார், ஒன்றும் தேறவில்லை. கடைசி பஸ்ஸைப் பற்றிக் கேட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "வெட்டி ஒட்டறதெல்லாம் அப்போ லேசுல நடக்காது. ஒருத்தன் இருபதாவது நிமிஷத்துல உளறினா முதல்லேர்ந்து. அன்னிக்கு நான்தான் உளறினேன். எல்லாருக்கும் கடைசி பஸ் போயிடுத்து. சிவானந்தா சாலையிலேர்ந்து மொத்த ட்ரூப்பும் நடந்தே வந்தோம். என்னோட ஒருத்தரும் பேசலை." நாடகத்தின் பெயர் அவருக்கு ஞாபகமில்லை.

நீங்கள் தப்பாக எழுதியது உண்டா?

உண்டு. செவ்வாய் நாடகத்தை வியாழன் என்று ஒருமுறை எழுதி, பதினோரு போன் வந்தது.

ஒரே ஒரு பழைய டேப் திரும்பக் கிடைக்கும் என்றால் எதைக் கேட்பீர்கள்?

எல்லோரும் ஒளியும் ஒலியும் என்று எதிர்பார்க்கிறார்கள். அல்லது எதிரொலி: நேயர் கடிதங்களை வாசித்து நிலையத்தார் பதில் சொல்வார்கள். அதிலும் எனக்கு ஆசை உண்டு.

நான் கேட்பது முன்னோட்டம். அடுத்த வாரம் என்னென்ன நிகழ்ச்சி என்று அறிவிப்பாளர் கிழமைவாரியாகச் சொல்லிக்கொண்டு போவார். ஞாயிற்றுக்கிழமைப் படம் என்ன என்று தெரிந்துகொள்ளவே பலர் பார்த்தார்கள், அதைச் சொல்லி முடித்ததும் எழுந்து போய்விடுவார்கள். ஒரு டேப் என்று சொல்லிவிட்டு ஒரு வருடத்தை முழுசாகக் கேட்கிறேனே என்று கோபிக்காதீர்கள். 1984 கிடைத்தால் போதும். பாட்டியின் நோட்டில் அந்த வருடம்தான் விடாமல் எழுதியிருக்கிறது. தேதியைப் பொருத்திப் பார்த்து, "சிவாஜி – அழுகை" என்று இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் பென்சிலால் படத்தின் பெயரை எழுதிக்கொண்டு ராயபுரத்துக்கு ஒரு நடை போய்விட்டு வருவேன்.